பியானோவுக்குள் திருகாணி: பரிசோதனை இசையைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் கேட்பவை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பியானோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி எழுதப்பட்டவை, அதனால் முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

பியானோவுக்குள்ள திருகாணி, ரப்பர் எல்லாம் சொருகி வாசிக்கிறாங்களே, அதுக்குப் பேரு என்ன? யாரு ஆரம்பிச்சது?

பிரிப்பேர்டு பியானோ. 1940இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒரு நடனத்துக்கு இசை எழுத வேண்டியிருந்தது. அவர் நினைத்தது தாளக்கருவிக் குழு. ஆனால் மேடையில் அதற்கு இடம் இல்லை, ஒரு பியானோதான் இருந்தது. தந்திகளுக்கு நடுவே பொருள்களைச் சொருகி அந்த ஒரு பியானோவையே தாளக்குழுவாக்கினார். அதற்கும் முன்பே, 1925இல், இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கோவெல் ‘தி பான்ஷீ’ என்ற படைப்பில் விசைகளைத் தொடவே விடவில்லை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் உள்ளே குனிந்து தந்திகளைத் தடவியும் சுரண்டியும் வாசிக்க வேண்டும்.

கேஜின் பெரிய படைப்பு 1946 முதல் 1948 வரை எழுதிய ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’. அதில் 45 சுரங்களுக்குச் சொருகல் உண்டு. அந்தப் படைப்பின் பின்னணியில் இருப்பது நம் ரசக் கோட்பாடு. கேஜ் அதை ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகளில் படித்தார். குமாரசுவாமி கொழும்பில் பிறந்தவர், அவர் தந்தை முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர். ‘வெள்ளைக்காரன் விளையாட்டு’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த உறவையும் தெரிந்துகொள்ளலாம்.

எங்கப்பா “காசு கட்டி பியானோ கத்துக்கிட்டு உள்ள ஆணி அடிக்கிறியா?”ன்னு கேட்கிறாரு. என்ன பதில் சொல்றது?

அவரை ஒரு மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கச்சேரிக்கு முன் தொப்பி எனப்படும் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார், முடிந்ததும் சுரண்டி எடுக்கிறார். குச்சி மிருதங்கத்தில் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், குச்சித் துண்டுகளைச் சொருகியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள், அந்த ரீங்காரம் அதிலிருந்துதான் வருகிறது. தம்புராவில் பாலத்துக்கும் தந்திக்கும் இடையே ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி ஒலியைத் திறப்பதும் இதே வேலைதான். கருவியில் அந்நியப் பொருளை வைத்து ஒலியை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. பியானோவில் செய்யும்போதுதான் புருவம் உயருகிறது.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஆணி எதுவும் அடிப்பதில்லை. சொருகிய எல்லாம் அன்றிரவே வெளியே வந்துவிடும்.

ஒலிக் கலைஞர்னா இசையமைப்பாளர்தானே? ஏன் ரெண்டு பேரு?

இசையமைப்பாளருக்கு மேடையும் நேரமும் உண்டு: எட்டு மணிக்குத் தொடங்கும், ஒன்பதரைக்கு முடியும். ஒலிக் கலைஞரின் வேலை பெரும்பாலும் இடத்தைச் சேர்ந்தது. ஒரு பழைய கடைவீட்டின் மாடிப்படியில் நாலு ஸ்பீக்கர் வைத்து மூன்று வாரம் ஓடவிட்டால், கேட்பவர் எப்போது வேண்டுமானாலும் நுழைவார், எப்போது வேண்டுமானாலும் போவார். ஒரே ஆள் இரண்டையும் செய்வது சாதாரணம். விண்ணப்பம் எழுதும்போது மட்டும் வேறுபாடு முக்கியம்: மேடைக்கும் கண்காட்சிக்கும் பட்ஜெட் வேறு, பொறுப்பாளர் வேறு.

இந்தப் பக்கம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் செய்தது. ஒரு அறையில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதே அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை மறுபடி. பத்துப் பதினைந்து சுற்றில் சொற்கள் கரைந்து அறையின் சொந்தச் சுருதிகள் மட்டும் மிஞ்சும். டைல்ஸ் போட்ட நம் டெரஸ் வீட்டு ஹாலில் இது சீக்கிரம் நடக்கும். அரை நாள் இதைச் செய்தும் சலிக்கவில்லை என்றால் மேலே போங்கள்.

எட்டாம் கிரேடு முடிக்காம இதுக்கு வரலாமா?

வரலாம். ஆனால் “பரிசோதனைதானே, விரல் ஓடாவிட்டாலும் பரவாயில்லை” என்ற நினைப்போடு வராதீர்கள். சொருகிய பியானோவில் ஒவ்வொரு விசையும் வேறு எடையில் பேசும், சில சுரங்கள் கால் நொடியில் செத்துவிடும். விரல் கட்டுப்பாடு சாதாரண வாசிப்பைவிடக் கூடுதலாகவே வேண்டும். கிரேடு சான்றிதழ் நேரடியாக உதவுவது இரண்டு இடத்தில்: பல்கலைக்கழக நுழைவிலும், நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டு வாடகை கட்டும்போதும்.

எங்க படிக்கிறது? இதுக்குன்னு கோர்ஸ் இருக்கா?

யூசிஎஸ்ஐ, யூஐடிஎம், யூபிஎம், பினாங்கில் யூஎஸ்எம், நிகழ்கலைக்கு அஸ்வாரா ஆகிய இடங்களில் இசை படிக்கலாம். எங்கே போனாலும் இசையமைப்பு எடுத்து, பக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். பாடத்திட்டத்தின் பெயரைவிட, இரவு எட்டு மணிக்குமேல் கிராண்டு பியானோவைத் தொட விடுவார்களா என்பதே பெரிய கேள்வி. வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் சான்றிதழைவிட நாலைந்து நிமிடப் பதிவுகளும் அவற்றின் இசைத்தாள்களும் பேசும்.

பக்கத்து ஊர் முன்மாதிரி வேண்டுமென்றால் சிங்கப்பூரில் பிறந்த மார்கரெட் லெங் டான். ஜூலியார்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், 1971இல். பிறகு கேஜின் இசைக்குள் போய், பொம்மைப் பியானோவை மேடைக் கருவியாக்கினார். பொம்மைப் பியானோவில் தந்தி கிடையாது, சின்னச் சுத்தியல்கள் உலோகக் கம்பிகளைத் தட்டும். பிளாட்டில் வசிப்பவர்களுக்கு நல்ல தொடக்கம்.

வீட்ல அப்ரைட்தான் இருக்கு. அதுல செய்யலாமா?

செய்யலாம், பாதிதான் கிடைக்கும். கிராண்டில் தந்திகள் படுத்திருக்கின்றன, அப்ரைட்டில் நிற்கின்றன. மேல் முன்பலகையைக் கழற்றினால் சுத்தியலும் தணிப்பான்களும் (விசையை விட்டதும் தந்தியின் ஒலியை நிறுத்தும் கம்பளிக் கட்டைகள்) வழியை மறைக்கும். கீழ்ப்பலகையைக் கழற்றினால் தந்திகளின் கீழ்ப்பகுதி கிடைக்கும், அங்கே வேலை செய்வது எளிது. உலோகத் திருகாணி தளர்ந்தால் நேராக அடியில் விழும், மேலே வைத்தது என்றால் விசைகளின் இயக்கப் பொறிக்குள் விழும். எனவே அப்ரைட்டில் ரப்பர், கம்பளித் துணி, மென்பிளாஸ்டிக் மட்டும் போதும். புளூ டேக் (சுவரில் தாள் ஒட்டும் பிசின் களிமண்) எல்லோரும் சொல்வார்கள். நம் வெயிலில் அது இளகித் தந்தியில் பிசுக்கு விடும், ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

இடது மிதியும் வேறு. கிராண்டில் அது சுத்தியல் வரிசையையே வலப்பக்கம் நகர்த்தும். ஒரே சுரத்துக்கு மூன்று தந்தி உள்ள இடத்தில் முதல் தந்தி சுத்தியலிடமிருந்து தப்பிவிடும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே திருகாணி இருந்தால், மிதிக்காதபோது இயல்பான சுரமும் திருகாணி ஒலியும் சேர்ந்து வரும், மிதித்தால் திருகாணி ஒலி மட்டும். ஒரே விசையில் இரண்டு கருவி. அப்ரைட்டின் இடது மிதி சுத்தியலைத் தந்திக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இந்த வித்தை அதில் நடக்காது.

முதல் தடவை செய்யப்போறேன். என்னென்ன வாங்கணும், எப்படிச் சொருகணும்?

ஹார்ட்வேர் கடையில் 4, 5, 6 மில்லிமீட்டர் திருகாணிகள் பத்துப் பத்து, அவற்றுக்கான மரைகள், சில வாஷர்கள். கதவு இடுக்கில் ஒட்டும் ரப்பர் பட்டை ஒரு சுருள், பசை இல்லாத வகை. புத்தகக் கடையில் வெள்ளை அழிப்பான் இரண்டு. பருத்திக் கையுறை. தந்திகளை விலக்க மெல்லிய மரக் குச்சி அல்லது பிளாஸ்டிக் ஆப்பு. உலோக ஸ்குரூ டிரைவரால் விலக்காதீர்கள், கீறல் விழும். கையுறை எதற்கென்றால் வியர்வை. நம் ஈரக் காற்றில், விரல் பட்ட இடத்தில் எஃகுத் தந்தி துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

வலது மிதியை அழுத்தித் தணிப்பான்களை முதலில் தூக்குங்கள். மிதியை அழுத்தியே வைக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. ஒரே சுரத்தின் இரண்டு தந்திகளைக் குச்சியால் மெல்ல விலக்கி, திருகாணியை உள்ளே இறக்கி, குச்சியை எடுங்கள். தந்திகளே அதைக் கவ்விக்கொள்ளும். இடைவெளியைவிடத் திருகாணி சற்றே தடிமனாக இருக்க வேண்டும். மெலிந்தால் வாசிக்கும்போது நடந்து போய்விடும். மிகத் தடித்தால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும். சுத்தியல் அடிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் எதுவும் வேண்டாம், கம்பளித் தலை கிழியும். தணிப்பானுக்குப் பின்னால், பாலம் (தந்தி ஒலிப்பலகைமேல் ஊன்றும் மரக்கட்டை) வரை உள்ள நீளமே உங்கள் இடம்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதே ஒலி. தந்தியின் சரிபாதியில் மென்பொருள் தொட்டால் மேல் ஸ்தாயி கேட்கும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் அதற்கும் மேலே பஞ்சமம். கனமான திருகாணி மணியோசை போன்ற, சுருதியோடு ஒட்டாத ஒலி தரும். திருகாணியில் மரையை இறுக்காமல் தொங்கவிட்டால் ஜலஜலப்பு வரும், சலங்கை மாதிரி. ரப்பர் பட்டையை மூன்று தந்திகளில் மேல், கீழ், மேல் என்று பின்னினால் மரப்பலகையைத் தட்டியது போல் வறண்டு ஒலிக்கும். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே குணம் மாறும், பொறுமையாகக் கேட்டுக்கேட்டு நகர்த்துங்கள்.

அடிச்சுரத் தந்திகள் செம்பு சுற்றியவை. அவற்றில் திருகாணியின் புரி உரசினால் சுற்று தளரும், பிறகு அந்தத் தந்தி கிரகிரவென்றே இருக்கும். அங்கே ரப்பர் போதும். முதல் நாள் எட்டுச் சுரத்துக்குமேல் ஆசைப்படாதீர்கள். கேஜின் 45 சுரங்களுக்குப் பழகிய கைக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

பியானோ கெட்டுப்போகாதா? மண்டபத்துல விடவே மாட்டேங்கறாங்க.

மேலே சொன்னபடி செய்தால் கெடாது. ஒரு கிராண்டு பியானோவின் தந்திகள் மொத்தமாக ஏறக்குறைய 20 டன் இழுவிசையைத் தாங்கி நிற்கின்றன, ஒரு சிறு திருகாணி அதை அசைக்காது. கெடுவது வேறு விதங்களில்: வியர்வைத் துரு, தணிப்பானை வளைப்பது, ஒட்டுநாடாவின் பசை, உள்ளே விழுந்து மறந்துபோன வாஷர்.

மண்டபத்தாரின் பயம் நியாயமானது, அவர்கள் சொத்து. வாயால் கெஞ்சாமல் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் சொருகப்போகும் பொருள்களின் எண்ணிக்கை, எந்தச் சுரங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்குள் எல்லாம் வெளியே வரும், முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள், நிகழ்ச்சிக்குப் பிறகு சுருதி சேர்ப்பவரின் கூலி உங்கள் பொறுப்பு என்ற உறுதி. பொருள்களை எண்ணிப் பெட்டியில் வையுங்கள், முடிந்ததும் எண்ணித் திரும்ப வையுங்கள். 45 போய் 44 வந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது. பெரிய கச்சேரி மண்டபத்தின் முதல்தரப் பியானோவைக் கேட்காதீர்கள், பின்னறையில் ஒத்திகைப் பியானோ இருக்கும், அதைக் கேளுங்கள்.

காலைல சுருதி சேர்த்தாங்க, ராத்திரி நிகழ்ச்சில சுருதி போயிடுச்சு. ஏன்?

ஏர்கான். பியானோவின் ஒலிப்பலகை மரம். காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், குறைந்தால் சுருங்கும், தந்தியின் இழுவிசை கூடவே மாறும். ஏர்கான் அணைந்த கோலாலம்பூர் மண்டபத்தில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும், போட்டால் இறங்கும். காலையில் ஏர்கான் இல்லாமல் சுருதி சேர்த்து, மாலையில் கூட்டத்துக்காக அதை முடுக்கினால் சுருதி நிற்காது.

நிகழ்ச்சியின்போது இருக்கப்போகும் அதே குளிரில் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் சுருதி, பிறகு சொருகல். சொருகிய பியானோவை யாராலும் சுருதி சேர்க்க முடியாது.

ஒலிப்பலகையில பியேசோ மைக் ஒட்டினேன். தகரம் மாதிரி மெலிசா கேட்குது. மைக் மட்டமா?

மைக் சரிதான், இணைப்புதான் தப்பு. சில வெள்ளிக்குக் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பியேசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக்கும் தட்டு) மின்சாரக் கணக்கில் ஒரு கண்டென்சர், சுமார் 20 நானோஃபாரட். அதை 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் செருகினால் ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். நடு ‘சி’ 262 ஹெர்ட்ஸ்தான். பியானோவின் உடம்பே போய்விடுகிறது. 1 மெகா ஓம் உள்ளீட்டில் அதே தட்டு 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆடியோ இன்டர்ஃபேஸில் கிதாருக்கென்று உள்ள உள்ளீடு பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும். அது இல்லையென்றால், கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் டிஐ பெட்டி, உள்ளீட்டு மின்தடை உயர்ந்த வகை.

ஸ்பீக்கர்ல ஒரே ‘ம்ம்ம்’ சத்தம். யாரு கருவியில கோளாறு?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தம் 50, 100, 150இல் இருந்தால் நிலத் தொடர்பு வளையம் (கிரவுண்ட் லூப்): கருவிகள் எர்த்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்திருக்கின்றன. முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீரும். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே பிளக் வரிசையில் செருகுங்கள், பிறகு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ. மூன்று முள் பிளக்கில் எர்த்தை அறுப்பவரை மேடைக்கு அருகிலேயே விடாதீர்கள்.

தைப்பூசத்துல உறுமி மேளத்தைப் பதிவு பண்ணி என் படைப்புல சேர்க்கலாமா?

பத்துமலையோ தண்ணீர்மலையோ, கூட்டத்தின் பொது ஒலியைப் பதிவதும், ஒரு குழுவின் முன் மைக்கை நீட்டி ஐந்து நிமிடம் எடுப்பதும் ஒன்றல்ல. வாசிப்பவர்களுக்கு 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. அதைவிட, அது அவர்கள் நேர்த்தி. குழுத் தலைவரிடம் முன்பே பேசுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், பெயர் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். அருள் வந்தவரின் குரலை வெட்டி ஒட்டி மேடையில் ஓடவிடுவது எங்கள் கணக்கில் அனுமதி இருந்தாலும் செய்யக் கூடாதது.

நுட்பம்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. மணிக்கு ஒரு கிகாபைட் ஆகும். உறுமி பக்கத்தில் வந்தால் எகிறும், உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நிற்குமாறு முன்பே குறைத்து வையுங்கள். காற்றுறை இல்லாமல் போகாதீர்கள்.

உண்மையைச் சொல்லுங்க, இதுல சோறு கிடைக்குமா?

தனிக் கச்சேரியை மட்டும் நம்பினால் கிடைக்காது. இந்தத் துறையில் நிற்பவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொடுக்கிறார்கள். மிச்ச நாளில் நடனத்துக்கும் நாடகத்துக்கும் இசை, தொலைக்காட்சித் தமிழ் நாடகத்துக்குப் பின்னணி, விளம்பர ஒலி, கண்காட்சி வேலை, பள்ளிப் பட்டறை. பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், செந்தூலில் கேஎல்பேக் நிகழ்கலை மையம், ஜார்ஜ்டவுன் ஹின் பஸ் டெப்போ போன்ற இடங்களுக்கு நிகழ்ச்சி இல்லாத நாளிலும் போய் முகம் காட்டுவது வேலையில் சேர்ந்தது. 2010இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் திருவிழா ஒலிக் கலைக்கும் இடம் தரக்கூடிய மேடை.

பின்னணி இசை ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள். பாதிப் பணம் முன்பே. திருத்தம் இரண்டு தடவை, அதற்குமேல் கூலி. உரிமை யாருக்கு: மொத்தமாக எழுதிக் கொடுப்பதாக இருந்தால் விலையும் அப்படியே இருக்க வேண்டும். சொந்தத் தொழில் என்பதால் வருமான வரிக்கு ‘பி’ பாரம், ஜூன் 30க்குள். ரசீதுகளை வையுங்கள், சுருதிக் கூலியும் செலவுதான். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) திட்டத்தில் கலைத்துறையும் உண்டு, இபிஎஃப் சேமநிதியில் நீங்களாக விரும்பியும் கட்டலாம். முப்பது வயதில் இது சலிப்பான பேச்சு.

கேஜோட படைப்பை மேடையில வாசிச்சா அனுமதி வாங்கணுமா? பழசுதானே?

மலேசியாவில் பதிப்புரிமை படைத்தவர் இறந்த பிறகும் 50 ஆண்டு நீடிக்கும். கேஜ் 1992இல் இறந்தார், எனவே 2042 முடியும்வரை உரிமம் வேண்டும். கோவெல் 1965இல் இறந்தார், இங்கே அவர் இசையை மேடையில் வாசிக்கத் தடையில்லை. ஆனால் ஐரோப்பாவில் கணக்கு 70 ஆண்டு, இணையத்தில் ஏற்றுமுன் யோசியுங்கள்.

மேடை உரிமத்தை இங்கே கவனிப்பது எம்ஏசிபி, இசை எழுதுபவர்களின் பதிப்புரிமை அமைப்பு. வழக்கமாக ஏற்பாட்டாளர் கட்டுவார், கட்டினாரா என்று கேட்பது உங்கள் வேலை. உங்கள் சொந்தப் படைப்புகளுக்கும் அங்கேயே உறுப்பினராகுங்கள். வாசித்த பட்டியலை ஒவ்வொரு தடவையும் கொடுக்காவிட்டால் உங்கள் பங்கு உங்களைத் தேடி வராது.

மானியம், லைசன்ஸ் எல்லாம் யாருகிட்ட?

மானியத்துக்கு, 2017இல் அமைந்த கலை மேம்பாட்டு அமைப்பான சென்டானாவின் அறிவிப்புகளைப் பாருங்கள். விண்ணப்பத்தில் ‘ஒலியின் எல்லைகளை ஆராய்தல்’ என்று எழுதுவதைவிட, எந்த இடம், எத்தனை நாள், எத்தனை ஸ்பீக்கர், யார் வருவார்கள் என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும். பட்ஜெட்டில் எல்லோரும் மறப்பது இரண்டாவது சுருதிக் கூலியையும் பியானோ தூக்குபவர்களின் கூலியையும்.

பொதுநிகழ்ச்சிக்கு உள்ளூர் மன்றத்தின் கேளிக்கை உரிமம் வேண்டும்: கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி. வெளிநாட்டுக் கலைஞர் சேர்ந்தால், வெளிநாட்டுக் கலைஞர் விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும். நல்ல மண்டபமாக இருந்தால் அவர்களுக்கு வழி தெரியும். காலியான கடைவீட்டில் செய்வதாக இருந்தால் நீங்களே அலைய வேண்டும், மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள்.

நான் எழுதினதை வேற ஊர்ல வேற பியானோல ஒருத்தர் வாசிக்கணும். அதே ஒலி வருமா?

அதே ஒலி வராது. பியானோவின் நீளம் மாறினால் தந்தியின் நீளம் மாறும், நீங்கள் சரிபாதியில் வைத்தது அங்கே வேறெங்கோ விழும். இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கைகளும் கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறு இடத்தில் வரும், நீங்கள் சொருகிய இடத்தில் அங்கே இரும்பு இருக்கலாம். கேஜ் தாளின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை கொடுத்தார்: சுரம், பொருள், எந்தத் தந்திகளுக்கு நடுவே, தணிப்பானிலிருந்து எத்தனை அங்குலம். அவர் அளவுகள் அவர் பியானோவுக்குச் சரி, வேறு பியானோவில் காதால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் அட்டவணையில் மூன்றைக் கூட்டுங்கள். தணிப்பானிலிருந்து மில்லிமீட்டர் தூரத்தோடு, தந்தி நீளத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்ற கணக்கு. எழுதிய பியானோவின் கம்பெனியும் நீளமும். பிறகு, சொருகிய ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை வாசித்த பதிவு, சுரத்தின் பெயரையே கோப்பின் பெயராக வைத்து. அங்கே இருப்பவர் அளவை வைத்துத் தொடங்கி, பதிவைக் கேட்டு முடிப்பார். திருகாணிகளைக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள், சிறு பையில் எண் போட்டுக் கூடவே அனுப்புங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள், பெட்டியில் போடுங்கள்.